பொரிக்கு விரித்த துணி

ஒரே ஒரு ஊரிலே, ஊர் என்றால் முழு ஊர் இல்லை, பாதி ஊரிலே, ஏனென்றால் மற்றப் பாதி எப்போதும் லாரி ஏறி வடக்கே போய்க்கொண்டிருந்தது, துளசிமணி என்று ஒருத்தி ஒரு முயல் வளர்த்தாள். அந்த ஊர் ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போகிறவர்கள். பொங்கல் முடிந்ததும் வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள் என்றால், ராய்ப்பூர், நாக்பூர், ஜபல்பூர் என்று தரை எங்கெங்கே காய்ந்து கிடக்கிறதோ அங்கெல்லாம் இரும்பு ராடை இறக்கித் தண்ணீரைத் தேடிவிட்டு, அந்த ஊர்களில் மழை பிடித்து இனி யாருக்கும் கிணறு வேண்டாம் என்று ஆன பிறகுதான் திரும்புவார்கள். அதுவரை வண்டிக்காரர் வீதியில் பெண்களும் பிள்ளைகளும், முதுகு போய்விட்டதால் வண்டி ஏற முடியாத கிழவர்களும்தான்.

அந்த வீதியில் ஒரு பழக்கம் இருந்தது. புறப்படுகிற அன்றைக்கு ஆண் அவிழ்த்துப் போட்ட லுங்கியை வீட்டுப் பெண் துவைத்து, மடித்து, பெட்டியில் தனியாக வைத்துவிடுவாள். ஆள் திரும்பி வரும்வரை அதை இன்னொருவர் உடுத்தக்கூடாது, கிழிக்கக்கூடாது, யாருக்கும் கொடுத்துவிடவும் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை அலசி வெயிலில் போட்டு எடுத்து வைப்பார்கள். அமாவாசை அன்று வீதியில் நுழைந்தால் கட்டம் போட்டதும் பூப்போட்டதுமாக லுங்கிகள் கொடி கொடியாக ஆடிக்கொண்டிருக்கும், ஆட்கள் இல்லாமல் ஆட்களின் இடுப்புயரத்தில்.

துளசிமணியின் கொடியிலும் ஒன்று ஆடும், பச்சைக் கட்டம் போட்டது, நான்கு வருடமாக. அவள் புருஷன் மாரப்பன் போன வண்டி திரும்பி வந்தது, மாரப்பன் வரவில்லை. ஒடிசாவில் ஒரு ரயில்வே கேட்டுப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான், ஹாரன் அடித்தோம், தேடினோம், அந்த ஊர்ப் போலீசிடம் பாஷை தெரியாமல் கையால் சொல்லிப் பார்த்தோம் என்றார் டிரைவர். ரயிலில் அடிபட்டிருப்பான் என்று சிலர் சொன்னார்கள். நாக்பூர் சந்தையில் ஒரு பொம்பளையோடு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டையும் சொன்னவர்கள் அங்கே இல்லாதவர்கள். துளசிமணி பொட்டு வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனால் ஒரு விதமாகப் பார்த்தார்கள், நெற்றியைக் கழுவிவிட்டு மறந்துபோய் வெறும் நெற்றியோடு போனால் வேறு விதமாகப் பார்த்தார்கள். அவள் இரண்டு பார்வைக்கும் நடுவில் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

முயல் வந்தது அவன் இல்லாத முதல் பொங்கலுக்கு. கறிக்கென்று சந்தையில் வாங்கியதுதான். வாங்கிய அன்று அரிவாள்மணை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது, மறுநாள் அமாவாசை, அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை காலையில் பார்த்தால் அது பொரி வைத்திருந்த தூக்குப்போசிக்குள் உட்கார்ந்து, பொரியோடு பொரியாக, கண் மட்டும் சிவப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பொரி என்று பேர் வைத்தாகிவிட்டது, பேர் வைத்ததை எப்படி அறுப்பது என்று துளசிமணி அன்றைக்குத் தக்காளி ரசம் வைத்துக் குடித்தாள்.

அந்தப் பொரிக்குத்தான் இந்தச் சித்திரையில் மூத்திரத்தோடு ரத்தம் போனது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி, வயிற்றைத் திறந்து, பையோடு எடுத்துவிட்டு, திரும்பத் தைத்து, ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொடுத்தார்.

"மருந்து நான் குடுத்துட்டேன். இனிப் படுக்கைதான் மருந்து," என்றார். "மரத்தூள் போடாதீங்க, தையலுக்குள்ள போயிரும். வைக்கோல் வேண்டாம், குத்தும். மெத்துன்னு, காஞ்ச, சுத்தமான துணி. நனைஞ்சா ஒடனே மாத்தணும். துணியைக் கடிச்சுத் திங்காமப் பாத்துக்குங்க. வயித்துல பாரம் படக்கூடாது, அதுதான் முக்கியம். சாப்பிடுதா, புழுக்கை போடுதான்னு பாருங்க. முயலு சாப்பிடாம விட்டுச்சுன்னா அப்பறம் நிக்காது."

துளசிமணி செய்தித்தாளை விரித்துப் பார்த்தாள், பொரியின் கால் வழுக்கி வழுக்கி விலகியது. பூத்துண்டைப் போட்டாள், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொண்டு முயல் பதறியது. பெட்டிக்கு அடியிலிருந்து தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையை எடுத்தாள். எத்தனையோ முறை துவைத்து நூல் நூலாக மெலிந்து, பிறந்த குழந்தையைப் போட்டால்கூட உறுத்தாத பருவத்தில் இருந்தது அது. முயல் தேறியதும் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டே நான்காக மடித்துக் கூடையில் விரித்து, பொரியை வைத்தாள். கூடையை வெயில் படாத பக்கம் நகர்த்தலாம் என்று தூக்கினாள். கூடை வரவில்லை.

இடுப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியைக் கூப்பிட்டாள். பாப்பாத்தி நல்ல கட்டை, வீதியில் கேஸ் சிலிண்டரைத் தனியாக மாடிக்கு ஏற்றுகிறவள். அவள் கூடையின் காதைப் பிடித்து இழுத்தாள், காது கையோடு வந்துவிட்டது.

"ஏம்புள்ள, முயலுக்கடியில அம்மிக்கல்லையா வெச்சுருக்கறே?"

பொரியை வெளியே எடுத்தார்கள். உள்ளங்கையில் பூவைப்போல இருந்தது. திரும்பச் சேலையின்மேல் வைத்தார்கள். இருவரும் சேர்ந்து அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு சிமெண்டு மூட்டைக்குக் குறையாமல் இருந்தது. பாப்பாத்தி இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பதுபோல முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"கெர்ப்பப்பை எடுத்தா அப்படித்தான் இருக்கும். எனக்கு எடுத்தப்ப ரெண்டு மாசம் ஒடம்பு இரும்பாட்டக் கெடந்துச்சு. துணிய மாத்திப் பாரு, இரு, என்ர சேலையொண்ணு கொண்டாறேன்."

பாப்பாத்தியின் சேலையை விரித்துக் கூடையைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தார்கள். அதன்மேல் முயலை வைத்ததும் கட்டில் முனகிக்கொண்டே தாழ்ந்து தாழ்ந்து தரையைத் தொட்டது. பாப்பாத்தி கட்டிலைப் பார்த்தாள், தன்னைப் பார்த்தாள், வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்தாள். "இத்தனையாடி நானு?" என்றாள். வாசலில் இருந்தவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. அப்படித்தான் வீதிக்கு விஷயம் பிடிபட்டது: யாருடைய துணியில் படுக்கிறதோ அவருடைய எடைக்குப் பொரி வந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தரைக்குள் ஆயிரம் அடி இறக்கினால் தண்ணீர் வருவதும் அடுத்த வயலில் அதே ஆயிரம் அடியில் புழுதி வருவதும் ஏன் என்று கேட்காத ஊர் அது.

மெலிந்த ஆளின் துணி வேண்டும் என்றாகிவிட்டது. நான்கு வீடு தள்ளி இருக்கும் வசந்தாமணி, போன வருடம் கல்யாணமாகி வந்தவள், புருஷன் குமரேசனுடைய லுங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கூட்டுக்காரரு நெம்ப ஒல்லிங்க்கா. முயலுக்குப் பாரமா இருக்காது. ஆனா குடுக்கறன்னு நெனைக்காதீங்க, எரவலுதான். சாயங்காலம் வாங்கிக்குவேன்."

"குடுக்கக்கூடாதுன்னுதான் பழக்கம், எரவல் குடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே," என்று பாப்பாத்தி தீர்ப்புச் சொன்னாள்.

லுங்கியை விரித்துப் பொரியை வைத்தார்கள். வசந்தாமணிதான் தூக்கினாள். தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். பிறகு இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள்.

"இது அவரில்லீங்க்கா," என்றாள். "இத்தனை லேசா இருக்க மாட்டாரு."

"நீ எங்க அவனத் தூக்கிப் பாத்தே?" என்று பாப்பாத்தி கேட்க, வாசலில் சிரிப்பு எழுந்தது.

"போன ஐப்பசில காய்ச்சல்ல உழுந்தப்ப நாந்தானுங்க தோள்ல போட்டு ஆட்டோவுக்குத் தூக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாதா?" வசந்தாமணி சிரிக்கவில்லை. அங்கேயே நின்று ராய்ப்பூருக்கு போன் போட்டாள். நல்லாயிருக்கறேன், கோழிக்குழம்பு ஊத்திச் சாப்பிட்டேன் என்றான் குமரேசன். "பொய்யச் சொல்லாதீங்க, என்ர கையில இருக்கறீங்க நீங்க," என்று அவள் கத்தினாள். அப்புறம் மெதுவாக, மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்கிறேன், நீ பயந்துக்குவேன்னு சொல்லலை என்றான். வசந்தாமணி அவனை வண்டியிலிருந்து இறங்கி ரயிலேறச் சொன்னாள். வந்து இறங்கியவனை வாசலிலேயே நிறுத்தி இடுப்பைக் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, சரிதான், முயல் சொன்ன எடைதான் என்று உள்ளே விட்டாள்.

அதற்கப்புறம் வீதி அடங்கவில்லை. தினமும் குழாயில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் துளசிமணியின் வாசலில் பெண்கள் லுங்கியோடு வரிசையில் நின்றார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது, முயலுக்குக் கொஞ்சம் முருங்கைத் தழையோ வேலிமசால் இலையோ கொண்டுவர வேண்டும் என்று அவர்களே ஒரு முறையும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஆளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள், இறக்கிவிட்டு, லுங்கியை உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். போனில் பேசும் பேச்சே மாறிப்போனது. சாப்பிட்டீங்களா என்று யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைக்கு மேல எச்சாத் திங்கறாப்பல இருக்குது, என்ன நடக்குதங்கே என்றார்கள். ஜபல்பூரில் ஒருவன் சனிக்கிழமை விரதத்தை விட்டுவிட்டான். இன்னொருவன் குடிப்பதை நிறுத்திவிட்டான், குடித்தால் எடை தெரியுமோ தெரியாதோ, எதற்கு வம்பு என்று. வடக்கே பாறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த ஆண்கள் விடியற்காலையில் திடீரென்று கால் தரையில் படாததுபோல ஒரு கணம் தோன்றுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்; இப்போது நம் வீட்டில் தூக்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு ராடை மாட்டப் போனார்கள்.

ரிட்டயர் ஆன ரிக் மெக்கானிக் சென்னியப்பனும் ஒரு நாள் வந்தார். ஆண்கள் யாரும் வராத வரிசையில் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு அரக்குச் சேலையை எடுத்தார். செத்துப்போன மனைவியுடைய சேலை. காரியம் முடிந்ததும் துணிமணி முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பதால் அவரும் கொடுத்திருந்தார், இது ஒன்றைத் தவிர.

"சும்மா ஒருக்காப் பாக்கலாம்னுதான் அம்மிணி," என்றார் துளசிமணியிடம்.

"பாருங்க மாமா," என்று அவள் விரித்து வைத்தாள்.

சென்னியப்பன் குனிந்து, முதுகு வலிக்குத் தோதாகக் காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். தூக்க ஒன்றும் இல்லாததால் பின்னால் சாய்ந்துவிட்டார். பொரி சேலையோடு கூடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது, மின்விசிறிக் காற்றுக்கு லேசாகத் திரும்பியது. நோவாமல் மிதந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் முயல் பின்னங்கால்களை நீட்டி, எட்டுகிற தூரத்திலிருந்த தழையை எடுத்து, கறுக் கறுக்கென்று தின்றது. பல நாளாக அது அப்படித் தின்றதில்லை.

"ஒண்ணுமே இல்லியே," என்றார் சென்னியப்பன். "ஒரு கை சோறளவுக்காவது இருப்பாளுன்னு நெனச்சேன்." சேலையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் துளசிமணி அவர் வீட்டுக்குப் போய், முயலுக்காக அந்தச் சேலையை இரவல் கேட்டாள். அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மறுக்கா அதயப் பாக்கறதுக்கு என்னால ஆகாதம்மிணி," என்றார்.

இத்தனை பேர் எடையையும் சுமந்துதான் பொரி படுத்திருந்தது என்பதை வீதி கவனிக்கவில்லை. துளசிமணியும் கவனிக்காததுபோல இருந்துவிட்டாள், ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் அவள் வாசலில் யாரும் இப்படிக் கூடியதில்லை. காயத்தைக் காட்டப் போனபோது டாக்டரம்மா முயலைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதும்மேல படுக்க வெக்கிறீங்க இத? வயித்துல பாறாங்கல்லக் கட்டி இழுத்த மாதிரி இருக்குது. இங்க பாருங்க, ஒரு தையல் விட்டுருச்சு. இன்னொண்ணு விட்டா குடல் வெளிய வந்துரும். மறுபடி மயக்கம் குடுத்தா இது தாங்காது. சொல்லிட்டேன்."

வரிசையை நிறுத்தியாகிவிட்டது. கடையிலிருந்து புதுத்துணி வாங்கி விரித்தாள். எடை ஏறவில்லை, ஆனால் கஞ்சி மொடமொடப்பு பட்டு, சவரம் செய்த வயிறு சிவந்து தடித்தது. அதையே துவைத்துக் காயவைத்து விரித்தால், யாரும் உடுத்தாத துணியாக இருந்ததால், துவைத்துப் பிழிந்த துளசிமணியின் எடை அதில் ஏறிக்கொண்டது. கோடி வீட்டில் பிறந்திருந்த கைக்குழந்தையின் துணியை இரவல் வாங்கி வந்தார்கள். அதுதான் இருந்ததிலேயே லேசு. ஒரு பகல் முழுக்கப் பொரி அதில் கண்ணயர்ந்தது. சாயங்காலமே அந்தக் குழந்தையின் அம்மா வந்து, "ஊரே எம்பையனத் தூக்கித் தூக்கிப் பாக்குது, கண்ணு பட்டுப்போச்சு, பாலே குடிக்க மாட்டேங்கறான்," என்று உருவிக்கொண்டு போய் மிளகாய் சுற்றிப் போட்டாள்.

பொரி தழையைத் தொடவில்லை. புழுக்கை போடவில்லை. காதை முதுகோடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் குவிந்து உட்கார்ந்திருந்தது. துளசிமணி அதைத் தன் சேலையிலிருந்து எடுத்துத் தரையில் விட்டாள், தரை சில்லிட்டது. மடியில் வைத்துக்கொண்டாள், மடியிலும் சேலைதானே.

பாப்பாத்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னாள், பிறகு தண்ணீர் லாரி வராததைப் பற்றிச் சொன்னாள்.

"சொல்லுங்க்கா," என்றாள் துளசிமணி.

"உன்ர பெட்டியில ஒண்ணு இருக்குதில்ல."

துளசிமணி முயலின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காத புள்ள. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். அது… சென்னியப்பன் கொண்டாந்தாரே, அந்தமாதரி இருந்துதுன்னா, முயலு பொழச்சுக்கும். இல்லாட்டி…" பாப்பாத்திக்கு அந்த இல்லாட்டிக்கு மேலே போக முடியவில்லை.

துளசிமணிக்கு அது தெரியும். வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியும் தன் ஆளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த லுங்கியில் பொரி மிதந்தது என்றால் மாரப்பன் எங்கோ தண்டவாளத்து ஓரத்தில் முடிந்துபோனான், அவள் தாலியைக் கழற்ற வேண்டியதுதான், முயல் மட்டும் அவளுக்கு மிஞ்சும். ஆளின் எடைக்கு வந்தது என்றால் அவன் இருக்கிறான், இருந்துகொண்டே வராமல் இருக்கிறான், அந்தப் பாரத்தில் கடைசித் தையலும் விட்டு முயல் போய்விடும். பார்க்காமலே இருந்தால் அவன் இரண்டுமாக இருப்பான், இத்தனை நாள் இருந்ததுபோல. ஆனால் முயல் இப்படியே குவிந்து உட்கார்ந்து நாளைக்கோ மறுநாளோ விறைத்துவிடும். இந்த நான்கு வருடத்தில் அவள் தேடித் தூக்கிய ஒரே உயிர் அதுதான். அதன் பேரைத்தான் வீட்டுக்குள் நுழையும்போது கூப்பிட்டாள்.

சாப்பாட்டு நேரம் கழிந்து வீதி ஓய்ந்திருந்த வேளையில் அவள் பெட்டியைத் திறந்தாள். அதற்குள் எப்படியோ தெரிந்துபோய்ப் பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பழக்க தோஷத்தில் அவரவர் லுங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். துளசிமணி பாப்பாத்தியை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

பச்சைக் கட்டம் வெளுத்துக் கஞ்சித்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அலசி அலசி, உடுத்த ஆளில்லாமலே அது மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. நான்காக மடித்தாள். கூடையில் விரித்தாள். பொரியை இரண்டு கையாலும் ஏந்தி அதன்மேல் வைத்துவிட்டு, கைகளைக் கூடைக்கு அடியில் கொடுத்தாள்.

பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது துளசிமணி குந்தியபடியே இருந்தாள், கூடை தரையிலேயே இருந்தது, அவள் புறங்கை நரம்பு புடைத்திருந்தது.

"கொஞ்சம் கை குடுங்க்கா," என்றாள். "தனியா ஆவுல."

இருவரும் தூக்கினார்கள். தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது, அவ்வளவுதான். மாரப்பனின் எடை துளசிமணிக்குத் தெரியும். அவன் கை ஒடிந்து கிடந்த காலத்தில் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அவள்தான் ஓட்டினாள், வண்டி எந்த மேட்டில் எப்படி முனகும் என்பதுவரை உடம்புக்கு ஞாபகம் இருந்தது. இது அந்த எடை இல்லை. அதற்கு மேலே ஒரு அரிசிச் சிப்பம் ஏற்றி வைத்ததுபோல இருந்தது.

"தொப்பை போட்டிருக்காரு," என்றாள்.

பாப்பாத்தி கூடைக்கு அடியில் பிடியை மாற்றிப் பிடித்தாள். "அப்ப இருக்கறான்," என்றாள்.

"இருக்காரு. நேரத்துக்குச் சோறு. மத்தியானம் ஒரு தூக்கம்." துளசிமணி கூடையை மெல்ல இறக்கினாள். "என்ர கைச்சோத்துல அவருக்கு ஒருநாளும் சதை புடிச்சதில்ல. ஆரோ நல்லாச் சமைக்கறாங்க."

பொரியை வெளியே எடுத்தாள். தையல் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு கசிந்திருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மறுகையில் லுங்கியை எடுத்தாள். அது வெறும் துணியின் எடைக்குத்தான் இருந்தது. வாயால் ஓரத்தைக் கடித்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு கிழித்தாள். நூல் நைந்திருந்ததால் சத்தம் பெரிதாக வரவில்லை, ஆனாலும் வாசல்வரை கேட்டது. வாசலில் இருந்தவர்கள் தங்கள் லுங்கிகளை இறுக்கிக்கொண்டார்கள்.

"ஐயோ, கிழிக்கக்கூடாது புள்ள, இருக்கற ஆளு—"

"இது உனக்கு," என்றாள் துளசிமணி. பாப்பாத்தியிடம் இல்லை, முயலிடம். பாதித் துணியை மடித்துக் கூடையில் விரித்தாள். "எரவல் இல்ல. திருப்பிக் கேக்க மாட்டேன். மேல பேஞ்சாலும் சரி, கடிச்சாலும் சரி, உன்ர துணி."

பொரியை வைத்தாள். ஒற்றைக் காதுதான் மிச்சமிருந்த கூடையை அந்தக் காதில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினாள். கூடை வந்தது. பாப்பாத்தி வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"முயலு எடை," என்றாள்.

"முயலுதானே படுத்திருக்குது."

பாப்பாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தன்னுடைய சேலை, வசந்தாமணியின் லுங்கி, கோடி வீட்டுக் குழந்தைத் துணி, செத்தவளுடைய அரக்குச் சேலை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட முயலுக்கென்று வந்ததில்லை. எல்லாம் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தது. கொடுக்கக்கூடாது என்று பழகிப்போன வீதிக்குக் கொடுத்துத்தான் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை.

கதவைத் திறந்ததும் பெண்கள் உள்ளே வந்தார்கள். கூடையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினார்கள்.

"ரெண்டு கிலோகூட வராதாட்ட இருக்குது," என்றாள் ஒருத்தி. "அப்ப மாரப்பண்ணன்… இருக்கறாரா இல்லியா?"

"ரெண்டு கிலோல ஆம்பளை எங்கடி இருக்கறான்," என்றாள் பாப்பாத்தி. "அது முயலு. கீழ வைய்யி."

"அவரு நல்லாயிருக்காரு," என்றாள் துளசிமணி. "கூடைய மட்டும் ஆட்டாதீங்க."

வசந்தாமணி கொஞ்சம் தயங்கி, "நாளைக்குக் காலைல கொண்டாறலாமுங்களாக்கா? திரும்ப வண்டியேறிட்டாரு," என்று கேட்டாள்.

"வேண்டாங் கண்ணு. இனி அது அதும்பாட்டுக்குப் படுக்கட்டும். போன்ல கேட்டுக்க."

"போன்ல பொய் சொல்லுவாருங்க்கா."

"சொல்லட்டும்."

கூடைக்குள் பொரி பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னங்கால்களை நீட்டியது. மூக்கு மட்டும் ஆடியது, பிறகு வாயும் ஆடியது, முருங்கைக் காம்பு ஒன்று சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்த லுங்கியைப் பாதி நீட்டினாள், முயலுக்கு இன்னொன்று வேண்டியிருக்குமோ என்று. நீட்டியவள் கையை இழுத்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். அன்றைக்கு நேரங்கெட்ட நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. வசந்தாமணி லுங்கியை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பாப்பாத்தி மட்டும் இருந்தாள். அன்றைக்கு இன்னும் சாப்பிடாத துளசிமணி, எல்லோரும் போனதும் அடுப்பில் அரிசி போட்டாள், அது பொங்கி மூடியைத் தள்ளியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த மீதிப் பாதி லுங்கியை எடுத்து நான்காக மடித்து, சூடான சட்டியின் விளிம்பைப் பிடித்து இறக்கி, கஞ்சியை வடித்தாள். பச்சைக் கட்டத்தில் கரி ஒட்டியது. அவள் அதைப் பார்த்தாள், அடுப்பு மேடையில் கரித்துணி வைக்கும் ஆணியில் மாட்டினாள்.

"நல்ல துணிதான் புள்ள," என்றாள் பாப்பாத்தி. "சூடு ஏறாது."

"ஆமாங்க்கா."

"கொளம்பு வெச்சயா?"

"இனித்தான்."

"என்ர வீட்டுல பச்சைப்பயிறு கடைஞ்சது இருக்குது. ஒரு கிண்ணம் கொண்டாறேன்," என்று எழுந்தவள், நிலைப்படியில் நின்று யோசித்து, "கிண்ணத்தத் திருப்பித் தர வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, யாரும் தூக்கிவிட முடியாத தன்னுடைய உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு, வீதியில் இறங்கி நடந்து போனாள்.